பின் சீட் இல்லாத வண்டி

பிப்ரவரி 3, சனி

பேரிங் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. வழக்கமாக டிவி ஸ்டாண்டின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போகும். இந்த வருஷம் உருவி எடுத்துவிட்டேன். டிவி ஆடுகிறது, நான் எழுதுகிறேன்.

காலையிலிருந்து மாதாந்திர மின்தடை. இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரியில் வேலை ஓடாது என்று வீட்டில் இருந்தேன். இருந்தது தப்பு. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வாணி ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். குழந்தைக்கென்று மூன்று தடவை ஊசி போட்டுப் பார்த்தாயிற்று, நாலாவது கிடையாது என்றாள். அழவில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் அல்லவா, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துவது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு நாப்பத்திரண்டு ஆச்சுங்க. ஒடம்பு போதும்ங்குது. இனி நாம ரெண்டு பேருதான்னு எனக்கு மனசுல ஆயிருச்சு. ஆனா அத்தைகிட்ட நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா மருமக மாட்டேங்கறான்னு ஆயிரும். நீங்க சொன்னாத்தான் அது நம்ம முடிவு."

சரி, சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் மொபைலில் பழைய வண்டி விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஒரு ஜெர்மன் வண்டி. இரண்டே சீட். பட்டனை அழுத்தினால் கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும். சிவப்பு. சும்மாதான் பார்த்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

அம்மாவிடம் சொல்ல நேரம் அமையவில்லை. காலையில் அவளுக்கு முட்டிவலி. மதியம் தூங்கினாள். சாயங்காலம் சீரியல்.

அந்த விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை. ஒன்பது தடவை பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இப்போது வீட்டில் இருக்கும் வண்டியைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். ஏழு சீட். கல்யாணமான மூன்றாம் வருஷம் வாங்கியது, அதாவது பதிமூன்று வருஷத்துக்கு முன்னால். "நாளைக்குக் கொழந்தைகுட்டி, தொட்டலு, பையின்னு அத்தனையும் போகோணுமில்ல" என்று அம்மாதான் ஏழு சீட்டுக்குக் கை காட்டினாள். கடைசி வரிசை சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன்மேல் இம்பெல்லர் சாம்பிள் மூட்டை உட்கார்ந்து வருகிறது. பம்ப்செட் கம்பெனிகளுக்கு நாங்கள் வார்த்துக் கொடுக்கும், தண்ணீரைத் தள்ளும் சக்கரம். மூட்டைக்கு அந்த சீட் மிகவும் சௌகரியம்.

மெக்கானிக் ரெஜினால்டிடம் விளம்பரத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது வண்டி இல்லீங், வளக்கற பிராணி. தினம் தடவிக் குடுக்கோணும். நம்மூரு ஸ்பீட் பிரேக்கர்ல நேரா ஏறுனா வயிறு கிழிஞ்சிரும், கோணலாத்தான் ஏத்தோணும். கூரைய மடக்கற பம்ப்பு டிக்கில இருக்கும், அது ஒழுகுச்சுன்னா கதை முடிஞ்சுது. எதுக்குங் இது?"

சும்மா என்றேன். சும்மா வாங்குகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன் என்றார்.

பிப்ரவரி 8, வியாழன்

அம்மாவிடம் இன்றும் சொல்லவில்லை. வாணி கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு குழம்பைப் பார்க்கிறாள். ஆர்.ஓ. ஃபில்டர் மாற்றினேன். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினேன். ஒரு நாளில் நாலு தடவை மாடி ஏறி இறங்கியிருக்கிறேன், நாலிலும் ஒரு வேலையும் இல்லை.

வாணியிடம் வண்டியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு சீட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. இனி அம்மாவிடம் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன, வண்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று தோன்றியது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சேலம். நான், வாணி, ரெஜினால்ட். ஏழு சீட் வண்டியில் மூன்று பேர்.

விற்கிறவர் பெயர் கௌதமன், முப்பது வயசு இருக்கும், அஸ்தம்பட்டியில் வீடு. வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். போட்டோவில் பார்த்ததைவிடத் தாழ்வு. என் இடுப்புக்கு வந்தது. மூன்று தடவை சுற்றி வந்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயதில் ஒரு வண்டியைப் பார்த்து இப்படி ஆகக்கூடாது.

ரெஜினால்ட் மரியாதைக்குக்கூட அதைப் புகழவில்லை. கால்மிதியைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்து அழுத்தினார். டிக்கியைத் திறந்து மோந்து பார்த்தார். கூரையை ஐந்து தடவை மடக்கி விரிக்கச் சொன்னார். ஐந்தாவது தடவையில் கொஞ்சம் முனகியது. குறித்துக்கொண்டார்.

"ஏன் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"குழந்தை பொறந்துருச்சு சார். அஞ்சு மாசம். ரெண்டு சீட்ட வெச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார். பிறகு நல்லபடியாகவே கேட்டார், "உங்களுக்குப் பசங்க?"

எல்லோரும் கேட்பதுதான். எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். இன்று வாயில் வேறு வந்துவிட்டது.

"ஒரு பொண்ணு. ஊட்டில ஹாஸ்டல்ல இருக்கறா. ஆறாவது."

ரெஜினால்ட் டயருக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். நிமிரவில்லை. வாணி வாசற்படியில் நின்றாள். காதில் விழுந்திருக்காது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். இரண்டு சீட் என்பதால் நானும் ரெஜினால்டும் மட்டும். வாணி உள்ளே போய் உட்கார்ந்தாள். கன்னங்குறிச்சி ரோட்டில் நான் ஓட்டினேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது மாதிரி இருந்தது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ரெஜினால்ட் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "பொண்ணுங்களா?" நான் கியரை மாற்றினேன்.

திரும்பி வந்தபோது வாணி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் குழந்தை. அவளுடைய வாட்ச்சைக் கடித்துக்கொண்டிருந்தது. கௌதமனின் மனைவி காபி கொண்டுவந்தாள்.

"உங்க பொண்ணு பேரு ரொம்ப நல்லாருக்கு சார். யாழ்மொழி. அக்கா சொன்னாங்க. நாங்களும் பொண்ணா இருந்திருந்தா அப்படி ஒண்ணுதான் வெச்சிருப்போம்."

வாணி என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து வாட்ச்சை மெதுவாக எடுத்தாள்.

காபியில் சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன். அட்வான்ஸ் கொடுத்தேன்.

வரும் வழியில் ரெஜினால்ட் நடு சீட்டில் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். வாணி கைக்குட்டையால் வாட்ச்சைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

அந்தப் பெயரை வாணி அங்கே உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டாள். முன்பே எப்போதோ வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

எங்கள் வீட்டு வாசல் சரிவு செங்குத்து. டேப் வைத்து அளந்தேன். புது வண்டி அப்படியே ஏறினால் அடி தட்டும். கொத்தனார் செல்லக்குட்டியை வரச்சொல்லி, இடித்துவிட்டு நீளமாகப் போடச் சொன்னேன். வண்டி வருவதற்கு முன்பே வாசலை இடிக்கிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள்.

"புது வண்டில பின்னாடி யாரு கண்ணு உக்காருவாங்க?"

"பின்னாடி சீட்டு இல்லம்மா."

"அப்ப?"

"டிக்கி இருக்குது."

என்ன பதில் இது. சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல வாசல் எனக்குத் திறக்கப்போவதில்லை. சிமெண்ட் மூட்டையை எண்ணப் போய்விட்டேன். இரண்டு மூட்டைதான் இருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

ஏழு சீட் வண்டியை ரெஜினால்ட் மூலமாகத் துடியலூரில் ஒரு சமையல் கான்ட்ராக்டருக்குக் கொடுத்தாயிற்று. நல்ல மனிதர். எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்தவர், கடைசி வரிசைக்கு வந்ததும் சந்தோஷப்பட்டார். "புது சீட்டுங்களே" என்று சொல்லி முதல் வேலையாக உறையைப் பிடித்துக் கிழித்தார். டர்ரென்று நீளமாகக் கிழிந்தது.

நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. நாளை பௌர்ணமி, அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூஜை முடிய வேண்டும். ரெஜினால்ட் நேற்றே சேலம் போய் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். புதுச் சரிவில் அடி தட்டவில்லை.

வாணி ஸ்கூலுக்கு லீவு போட்டிருந்தாள். கடுகு நிறத்தில் சுங்குடிச் சேலை. மல்லிகைப்பூ. தாம்பாளத்தில் தேங்காய், பழம், நாலு எலுமிச்சை. நான் சாவியைத் திருகினேன், சத்தம் தெருமுனை வரை கேட்டது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திப் பார்த்தார்.

இறங்கிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். வாணி தாம்பாளத்தோடு ஓரடி முன்னால் வந்தாள்.

"அம்மா, ஏறும்மா" என்றேன்.

இது வழக்கம். மொபெட் வாங்கியபோது முதல் சவாரி அம்மாதான். ஏழு சீட் வாங்கியபோதும் முன்சீட்டில் அம்மாதான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. அன்றெல்லாம் மற்றவர்களுக்கும் இடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா ஒரு நொடி வாணியைப் பார்த்தாள். "நீங்க போங்கத்தை, நான் ஸ்கூட்டில வந்துர்றேன்" என்றாள் வாணி. தாம்பாளத்தை ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கண்ணாடியில் கடுகு நிறம் சின்னதாகத் தெரிந்துகொண்டே வந்தது. சுந்தராபுரம் சிக்னலில் தெரியவில்லை. அப்புறம் மறுபடி தெரிந்தது.

கோயிலில் அம்மாவால் இறங்க முடியவில்லை. சீட் அவ்வளவு தாழ்வு, முட்டி மடங்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன், "அடே, கை வருது, நான் வரல" என்றாள். வாணி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து குனிந்து, அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிட்டாள்.

குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். சிவசண்முகம், அவிட்டம். கோகிலவாணி, உத்திரம். அம்மா எப்போதும் சேர்க்கிறதைச் சேர்த்தாள்.

"அப்படியே புத்திர பாக்கியம்னு சொல்லிக்குங்க சாமி."

குருக்கள் உரக்கச் சொன்னார். வண்டியைப் பார்க்க நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். வாணி என்னைப் பார்த்தாள். இருபது நாளாக என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பைப் பார்த்தவள், இன்று என்னை மட்டுமே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும்.

விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டேன். டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். ஏற்றினேன். நாலும் ஒழுங்காக நசுங்கின.

பிப்ரவரி 24, சனி

வாணி அவிநாசி போயிருக்கிறாள், அவள் அக்கா வீட்டுக்கு. அக்காவுக்கு இடுப்பு வலியாம், ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். அங்கிருந்தே பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போய் வந்துகொள்வாளாம். பெரிய பையை எடுத்துப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வண்டி அருமையாக ஓடுகிறது. பாலக்காடு ரோட்டில் வாளையார் வரை போய்த் திரும்பினேன். காரணம் எதுவும் இல்லை. நேற்று பொள்ளாச்சி. அங்கே ஒரு டீ. திரும்பி வந்தேன்.

வாணிக்கு போன் செய்தேன். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்றேன். பரவாயில்லை என்றாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றாள். வண்டியின் கூரை முனகுவது நின்றுவிட்டது என்று சொன்னேன். நல்லதுங்க என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 1, வெள்ளி

சாம்பிள் மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். வண்டி விடாமல் பீப் பீப் என்று கத்தியது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்று நினைக்கிறது. கணபதி பஸ் ஸ்டாப் வரை பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஓரமாக நிறுத்தி மூட்டைக்கு பெல்ட் போட்டேன். அடங்கியது.

சிக்னலில் பைக்கில் இருந்த பெண் மூட்டையைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பச்சை விழுந்ததும் சட்டென்று ஓட்ட முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அம்மா ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது போலிருக்கிறது.

மார்ச் 9, சனி

இன்று சொல்லிவிட்டேன்.

காலை பதினொரு மணி. அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் துடைக்கப் போனவன் துணியோடு திரும்பி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, இனி ஆஸ்பத்திரி இல்ல. கொழந்தையும் இல்ல. நானும் வாணியும் மட்டுந்தான். ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவு. கோயில்ல இனி அதச் சேத்துச் சொல்லாத."

அம்மா நார் எடுப்பதை நிறுத்தவில்லை. நாலு காய் முடிந்தது.

"எனக்கு ரெண்டாந்தடவயே தெரியும் கண்ணு."

"அப்பறம் ஏம்மா போற கோயில்லயெல்லாம் வேண்டிட்டிருந்த?"

"நீ உடமாட்டீன்னு நின்னீல்ல. நான் கேக்கறத நிறுத்தீட்டா, பெத்தவளே உட்டுட்டான்னு நீ ஒடஞ்சு போயிருவியோன்னுதான் கேட்டுட்டே இருந்தேன். அந்தக் கடேசி சீட்டு ஒறைய எத்தன தடவ பிரிக்கலாம்னு சொன்னோம், நானும் அவளும்? பிரிக்க உட்டியா நீ? அழுக்காயிரும், அழுக்காயிரும்னு. யாரு அழுக்கு பண்ணப் போறா?"

பிப்ரவரி ஆறாம் தேதி எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'பிரிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். பிரிக்கவிடாதவன் நான்தான். அம்மாவுக்காக, அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டு வாணியை மூன்றாவது தடவை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். அவள் இரண்டிலேயே போதும் என்றாள். இதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு பேரு முன்னால அந்த அம்மிணிய நிக்க வெச்சு நானும் கேட்டுப்போட்டேன். அவ மூஞ்சியப் பாத்தப்பறந்தான் ஒறச்சுது. நான் பேசிக்கறேன் அவகிட்ட. மொதல்ல நீ போய்க் கூட்டிட்டு வா. எனக்கு அந்த வண்டில எடம் வேண்டாஞ்சாமி, எறங்கறதுக்குள்ள உசுரே போயிருது."

மார்ச் 10, ஞாயிறு

அவிநாசி. வாணியின் அக்கா இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றார். இடுப்பு வலி சரியாகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

வாணி வெளியே வந்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். மூணாந்தடவை உன்னைக் கூட்டிட்டுப் போனது நான்தான், அம்மா இல்லை என்று மட்டும் எப்படியோ சொன்னேன். "தெரியுங்க" என்றாள். "தெரிஞ்சுதான் அன்னைக்கு உங்ககூட வந்தேன்."

பையைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்தாள். சீட்டில் உட்கார்ந்ததும் கால் எட்டவில்லை. அம்மாவின் முட்டிக்காக அன்று கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தேன். வாணி அடியில் துழாவி, லிவரைப் பிடித்துத் தனக்குத் தேவையான அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள். பெல்ட் போட்டாள். வண்டி கத்தவில்லை. கூரையைத் திறந்தேன்.

பைபாஸ் ஏறியதும் கேட்டேன்.

"யாழ்மொழின்னு எப்ப வெச்ச?"

"மொதல் தடவ போனப்ப. காத்திட்டிருக்கற எடத்துல டிவி ஓடிட்டிருந்துது, பாக்கப் புடிக்கல. சும்மா யோசிச்சிட்டிருந்தேன்." காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, "நீங்க ஒண்ணும் வெக்கலீங்களா?" என்றாள்.

வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

"தாமரைச்செல்வி."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தாமரைச்செல்வியா? ஏனுங்க, இந்தக் காலத்துல அந்தப் பேர வெச்சா ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப அழுதிருப்பாளுங்க."

சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுதாள், நானும் அழுதேன். மேலே கூரை இல்லை. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஊட்டி ஹாஸ்டல் பெண்ணைப் பற்றிப் பேசினோம். முடி வாணி மாதிரி சுருட்டையாக இருந்திருக்கும். கணக்கு வராது, அது என்னிடமிருந்து. இந்த வண்டியைப் பார்த்திருந்தால் 'எனக்கு எங்கே சீட்டு' என்று சண்டை போட்டிருப்பாள். கருமத்தம்பட்டி வரும் வரை அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். அங்கே நிறுத்திக் கரும்புச்சாறு குடித்தோம்.

அதற்கப்புறம் வீடு வரை நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம்.